கடல் தாண்டினால் இந்தக் கார்டு செல்லுமா?

வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவக் காப்பீட்டில் பார்க்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, நெல்லை விற்று, வைக்கோலைப் போர் போட்ட கையோடு பாஸ்போர்ட்டைத் தேடுகிற வீடுகள் காரைக்கால் பக்கம் உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊர். அண்ணன் தம்பியில் ஒருவர் நிலத்தைப் பார்ப்பார். இன்னொருவர் சிங்கப்பூரிலோ, துபாயிலோ, பிரான்ஸிலோ இருப்பார். பிள்ளைகள் அங்கே போய்விட்டால், பெற்றவர்களும் ஒருநாள் கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது. மகளின் பிரசவம், பேரன் பிறந்தநாள், மருமகன் புதிதாக வாங்கிய வீடு என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு 66 வயது. 9 மா நிலம், அதாவது 3 ஏக்கர். சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ஆயுஷ்மான் கார்டு இருந்ததால் கையிலிருந்து காசு போகவில்லை. மனைவிக்கு 60 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். இது போதாது என்று, வங்கிக் கணக்கிலிருந்து வருடாவருடம் பிரீமியம் பிடிக்கிற 5 லட்ச ரூபாய் மருத்துவ பாலிசியும் இருக்கிறது. மகள் பாரீஸ் பக்கத்தில். ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு இருவரும் போக வேண்டும்.

இரண்டு காப்பீடு இருக்கிறதே, அங்கே ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தால் அது நியாயமான நினைப்புதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு காப்பீடுகளில் எதுவும் பாரீஸில் ஒரு ரூபாய்கூடத் தராது.

எல்லை இரண்டு வகை

பட்டினத்துக்காரர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. புதுச்சேரி ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியாது. அது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. ஆனால் ஆயுஷ்மான் கார்டுக்கு வாஞ்சூர் எல்லை ஒரு தடையே இல்லை. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். திட்டத்தில் இணைந்த மருத்துவமனை நாகப்பட்டினத்தில் இருந்தாலும், தஞ்சாவூரில் இருந்தாலும், சென்னையில் இருந்தாலும் கார்டு செல்லும். 2024 அக்டோபர் 29 முதல், 70 வயதைத் தாண்டிய அனைவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் தனியாக ஒரு கார்டு கொடுக்கிறார்கள்.

மாநில எல்லையைத் தாண்டுகிற இந்தக் கார்டு, நாட்டின் எல்லையைத் தாண்டாது. காரணம் எளிது. இது பணமாகக் கையில் கொடுக்கும் திட்டம் அல்ல. இந்தியாவுக்குள் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைக்கு, ஏற்கெனவே பேசி வைத்த கட்டணத்தை அரசு செலுத்துகிறது. பாரீஸிலோ, சிங்கப்பூரிலோ அப்படி இணைந்த மருத்துவமனை கிடையாது. அங்கே செலவழித்துவிட்டு, ரசீதோடு ஊருக்கு வந்து கேட்கவும் வழி இல்லை.

பிரீமியம் கட்டும் பாலிசியும் அப்படித்தானா?

பெரும்பாலும் அப்படித்தான். சாதாரணக் குடும்பங்கள் வாங்குகிற மருத்துவ பாலிசிகள் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான விதிகளோடு விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட 'ஆரோக்கிய சஞ்சீவினி' பாலிசியையே எடுத்துக்கொள்ளலாம். எவற்றுக்குப் பணம் கிடையாது என்ற பட்டியலில், இந்திய எல்லைக்கு வெளியே எடுத்த சிகிச்சை என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது.

உங்கள் பாலிசி எப்படி என்று தெரிந்துகொள்ள முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, 'புவியியல் எல்லை' அல்லது 'காப்பு செல்லுபடியாகும் பகுதி' என்ற வரி. அங்கே 'இந்தியா' என்று மட்டும் இருந்தால், விஷயம் அதோடு முடிந்தது.

இரண்டாவது, 'விலக்குகள்' என்ற பட்டியல். வெளிநாட்டுச் சிகிச்சை என்ற வரி பெரும்பாலும் இந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கும்.

மூன்றாவது, 'மருத்துவமனை' என்ற சொல்லுக்குப் பாலிசி கொடுக்கும் விளக்கம். இந்தியச் சட்டப்படி பதிவான, இத்தனை படுக்கைகள் உள்ள மருத்துவமனை என்று அதில் விளக்கம் இருந்தால், வெளிநாட்டு மருத்துவமனை அதற்குள் வராது.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' ஒன்றை 2024 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் எல்லா நிறுவனங்களும் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டிருக்கிறது. கேட்டால் தமிழிலும் தர வேண்டும். முகவரிடமோ வங்கியிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் பணம் தரும் இந்திய பாலிசிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை காப்பீட்டுத் தொகையும் பிரீமியமும் அதிகமான வகை. அவற்றிலும் சில, இந்தியாவில் நோயைக் கண்டுபிடித்த பிறகு திட்டமிட்டுப் போய் எடுக்கும் பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் பணம் தரும். சில, போன இடத்தில் திடீரென வரும் அவசரத்துக்கு மட்டும் தரும். ஒரு முறை மகளைப் பார்த்துவர இப்படி ஒரு பாலிசியைச் சுமக்கத் தேவையில்லை. அதற்கென்று இருப்பது வெளிநாட்டுப் பயணக் காப்பீடு. பொதுத்துறை, தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இதை விற்கின்றன.

பாரீஸுக்கு 30,000 யூரோ

பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலம் போக விசா கேட்டால், பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்ல வேண்டும். தங்கும் நாட்கள் முழுவதற்கும் இருக்க வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனை அனுமதி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறப்பு ஆகியவை அதில் அடங்க வேண்டும். இது 2009-ல் வந்த ஐரோப்பிய விசா விதி.

ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 30,000 யூரோ என்பது 30 லட்ச ரூபாய். இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பிரான்ஸின் பெரிய அரசு மருத்துவமனைகளில், காப்பீடு இல்லாதவருக்கு ஒரு நாள் படுக்கைக் கட்டணமே ஆயிரம் யூரோவைத் தாண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் இன்னும் மேலே. நம் கணக்கில் பார்ப்போம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டுமுதல் ஆகி, கிலோ 25 ரூபாய்க்குப் போனால் கிடைப்பது 45,000 ரூபாய். உழவுக் கூலி, உரம், அறுப்பு இயந்திர வாடகை எதையும் கழிக்காத மொத்த வரவு அது. அங்கே ஒரு நாள் படுக்கை, இங்கே இரண்டு ஏக்கர் சம்பாவைத் தின்றுவிடும்.

அங்கே மகள் இருக்கிறாளே, அவளுடைய மருத்துவக் கார்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. பிரான்ஸின் பொது மருத்துவக் காப்பீடு, அங்கேயே வசிக்கிறவர்களுக்கானது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, வயது வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரில்தான் அதில் பதிய வேண்டும். மூன்று மாத விசாவில் போகும் அப்பா அம்மாவுக்கு அதில் இடமில்லை. மகளின் பிரசவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே காப்பீட்டில் பதிந்திருக்கும் பெண்ணுக்கு ஆறாம் மாதத் தொடக்கத்திலிருந்து மகப்பேற்றுக் காப்பீட்டில் முழுமையாகச் செலவை ஏற்கிறார்கள். காப்பில்லாமல் போகிறவர்கள் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள்தான்.

உறவினர் வீட்டில் தங்குவதானால், அங்கே இருப்பவர் தம் ஊர் நகரசபையான 'மேரி'யில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆட்கள் இங்கேயும் சொன்ன அதே மேரிதான். விருந்தாளியின் செலவைத் தாம் ஏற்பதாக அந்தச் சான்றில் மகளோ மருமகனோ உறுதி கொடுக்கிறார்கள். ஆகவே காப்பீடு சரியில்லை என்றால் சுமை பட்டினத்து வீட்டோடு நிற்காது. காப்பீட்டை இங்கிருந்து போகிறவரும் வாங்கலாம். வரவேற்கிறவர் அங்கேயே வாங்கியும் அனுப்பலாம்.

விசா கிடைத்தது, காப்பு கிடைத்ததா?

பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுதான்.

விசா வேலையைப் பார்க்கும் டிராவல்ஸ்காரர் ஒரு பயணக் காப்பீட்டையும் சேர்த்தே போட்டுக் கொடுப்பார். பிரீமியம் சில ஆயிரங்கள்தான் இருக்கும். 30,000 யூரோ என்று தாளில் இருக்கிறது, விசாவும் கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்ததென்று பெட்டியைக் கட்டுகிறோம். ஆனால் விசா அதிகாரி பார்ப்பது தொகையையும் தேதியையும் நாடுகளையும்தான். பட்டினத்து அப்பாவின் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த பாலிசி பணம் தருமா என்று அவர் பார்க்க மாட்டார். அதைப் பார்க்க வேண்டியவர் பயணம் போகிறவர்.

பயணக் காப்பீடுகளில் 'முன்னரே உள்ள நோய்' என்று ஒரு பகுதி இருக்கும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயாலும், அதன் தொடர்ச்சியாலும் வரும் செலவுக்குப் பணம் கிடையாது என்பதுதான் வழக்கமான விதி. ஸ்டென்ட் வைத்தவருக்கு மறுபடி நெஞ்சுவலி வந்தால் அது பழைய நோயின் தொடர்ச்சி. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் வைத்து மருத்துவமனையில் சேர்ந்தால், அதுவும் அப்படித்தான் எழுதப்படும். வழுக்கி விழுந்து கை முறிந்தால் பணம் வரும். வருமோ என்று வீட்டில் எல்லோரும் பயந்த அந்த நெஞ்சுவலிக்கு வராது.

சில பாலிசிகளில், பழைய நோயே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனால் மட்டும் ஒரு வரம்பு வரை செலவை ஏற்போம் என்று இருக்கும். சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தக் காப்பைச் சேர்க்கலாம். அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். மொத்தக் காப்பு 50,000 டாலர் என்று முதல் பக்கத்தில் இருந்தாலும், பழைய நோய்க்கு அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கலாம். வயது 60-ஐத் தாண்டினால் ஒவ்வொரு வகைச் சிகிச்சைக்கும் தனித்தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. 70-ஐத் தாண்டினால் பிரீமியம் கூடும், காப்புத் தொகை குறையும். மருத்துவப் பரிசோதனையும் கேட்கலாம்.

இதைச் சொன்னவுடன் பலருக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்ததைப் படிவத்தில் எழுதாமல் விட்டுவிட்டால் என்ன? பிரீமியம் குறையும், கேள்வியும் வராது. முகவரே இப்படிச் சொல்லித் தருவதும் உண்டு. செய்யவே கூடாது. பாரீஸ் மருத்துவமனையில் சேர்ந்த உடனே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி பழைய நோய்களைப் பற்றித்தான். ஸ்டென்ட் படத்திலேயே தெரியும். மறைத்தது தெரிந்தால், சம்பந்தப்பட்ட நோய்க்கு மட்டுமல்ல, பாலிசியே செல்லாது என்று சொல்ல நிறுவனத்துக்கு வாய்ப்புக் கொடுத்துவிடுகிறோம். படிவத்தை முகவர் நிரப்பினாலும், கையெழுத்து நம்முடையது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பயணக் காப்பீடு அவசரத்துக்கு மட்டுமே. உயிர் தப்பி, விமானத்தில் ஏறும் நிலை வந்ததும் ஊருக்குத் திரும்பிச் சிகிச்சையைத் தொடரச் சொல்வார்கள். ஊருக்கு வந்தபின் ஆயுஷ்மான் கார்டும், வங்கி வழி எடுத்த பாலிசியும் மறுபடி உயிர் பெறும். அதனால் பயணத்தில் இருக்கிறோமே என்று வழக்கமான பாலிசியின் பிரீமியத்தை விட்டுவிடக் கூடாது.

சம்பாதிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுடைய மருத்துவச் செலவுக்குப் பொறுப்பு, பெரும்பாலான நாடுகளில் முதலாளியிடம் இருக்கிறது.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருக்கும் தொழிலாளிக்கு முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். முன்பு ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் டாலராக இருந்த குறைந்தபட்சக் காப்பு, 2023 ஜூலை 1 முதல் 60,000 டாலராக உயர்த்தப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கும் ஒரு நாள் அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். பில்லில் முதல் 15,000 டாலருக்கு மேல் போகும் தொகையில் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும். வேலையில் அடிபட்டால் அதற்கு இழப்பீட்டுச் சட்டம் தனியாக உண்டு.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென மருத்துவமனை, அறுவை சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் 2011 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை காப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபியிலும் துபாயிலும் முன்பே கட்டாயமாக இருந்த மருத்துவக் காப்பீடு, 2025 ஜனவரி 1 முதல் மற்ற அமீரகங்களில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது.

பத்தாம் வகுப்புத் தேறாமல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். வரி நீங்கலாக இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்ச ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒரு லட்ச ரூபாய், ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 ரூபாய் வரை. வெளிநாட்டு பில்லுக்கு இந்த மருத்துவத் தொகை சிறியதுதான். ஆனால் அந்த 10 லட்ச ரூபாய் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடும் பையனுக்கு இது எதுவுமே கிடையாது. ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் வீட்டில் பேச வேண்டிய பேச்சு இது.

பிள்ளை வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போது இங்கே அவன் பெயரில் இருக்கும் மருத்துவ பாலிசி வீணா? வீணல்ல. வேலை போனால் முதலாளியின் காப்பீடும் அன்றே போய்விடும். நோயோடு ஊர் திரும்பியபின் புதிய பாலிசி எடுத்தால், பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். விடாமல் கட்டிவந்த பாலிசி இருந்தால் காரைக்காலில் இறங்கிய அன்றே சிகிச்சை தொடங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

சொல்தா வீடுகளுக்கு

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசுகளும், பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்களும் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கின்றன.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தாலே பிரான்ஸில் வைத்தியம் இலவசம் என்ற எண்ணம் இந்த வீடுகளில் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அங்கே காப்பீட்டுக்கு அடிப்படை வசிப்பிடமும் வேலையும்தான், பாஸ்போர்ட் அல்ல. இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள், வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான சி.எஃப்.இ. என்ற காப்பீட்டு அமைப்பில் சந்தா கட்டிச் சேரலாம். பிரான்ஸில் வசிக்கும் உறவினர் விடுமுறைக்குப் பட்டினம் வரும்போதும் இதே பாடம்தான். அங்கத்திய கார்டு காரைக்கால் மருத்துவமனையில் செல்லாது. அவசரச் செலவுக்கு ரசீது கொடுத்து அங்கே கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தே தீரும் என்று உறுதியில்லை. அவர்களும் கிளம்பும் முன் பயணக் காப்பீடு எடுப்பதே நல்லது.

அங்கே போய் உடம்புக்கு முடியாமல் போனால்

பிரான்ஸில் அவசர மருத்துவ உதவிக்கு 15, ஐரோப்பா முழுவதற்கும் 112. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அதைத்தான் அழைக்க வேண்டும். அடுத்த அழைப்பு, பாலிசியில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்கு. மருத்துவமனையோடு அவர்களே பேசினால் பில்லை நேரடியாக அங்கேயே கட்டுவார்கள். சொல்லாமல் விட்டுவிட்டுக் கடைசியில் ரசீதோடு போய் நின்றால் இழுபறிதான். மகள், மருமகன் இருவரின் போனிலும் பாலிசி நகலையும் அந்த எண்ணையும் முன்பே ஏற்றி வையுங்கள்.

பாலிசியில் 'கழிவுத் தொகை' என்று 50 அல்லது 100 டாலர் எழுதியிருந்தால், ஒவ்வொரு பில்லிலும் அந்த அளவு நம் கையிலிருந்து போகும். சளி, காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை: ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ஈ.சி.ஜி., தங்கும் நாட்களுக்கும் மேலே இரண்டு வாரத்துக்கு மாத்திரை, மருந்தின் மூலப்பெயரை எழுதிய ஆங்கில மருந்துச் சீட்டு. இன்சுலின் இருந்தால் கையோடு வைக்கும் பையில்தான் இருக்க வேண்டும். திரும்பும் தேதி தள்ளிப்போனால், பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் புதிய பாலிசிபோல் பார்ப்பார்கள். இடையில் வந்த நோய் பழைய நோயாகிவிடும்.

பணம் தர மறுத்தால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரி யூனியனில் இருந்தாலும் காரைக்கால் சென்னை அலுவலகத்தின் வரம்புக்குள் வருகிறது. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் நாலு நாளில் திரும்புகிறோம். இதற்கும் காப்பீடு வேண்டுமா?*

2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய இந்தக் கப்பல் ஒரு பகல் பொழுதுப் பயணம்தான். ஆனாலும் இறங்கும் இடம் வேறு நாடு. ஆயுஷ்மான் கார்டும் சாதாரண பாலிசியும் அங்கே செல்லாது. நான்கு நாளைக்கான பயணக் காப்பீட்டின் பிரீமியம் சிறிய தொகைதான். வயதானவர்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

*வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் பயணக் காப்பீடு எடுக்கலாமா?*

இந்திய நிறுவனங்கள் பொதுவாக, இந்தியாவில் இருக்கும்போதே எடுக்கச் சொல்கின்றன. விமானம் ஏறும் முன் எடுத்து, அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

*வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் இறந்துவிட்டால் உடலைக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பார்?*

முதலாளியின் காப்பீட்டிலோ பயணக் காப்பீட்டிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழியே இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு, 2009-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகம் உதவலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் இங்கிருந்தே மனுப் போடலாம்.

*இப்போதுதான் மருத்துவ பாலிசி எடுத்தேன். வெளிநாட்டுக்கும் செல்லும் என்று முகவர் சொன்னார். தாளில் அப்படி இல்லை. என்ன செய்வது?*

தாளில் இருப்பதுதான் செல்லும். பாலிசி கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போக மீதிப் பணம் திரும்பி வரும்.

பட்டினத்து வீட்டின் முடிவு

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்டென்ட், சர்க்கரை இரண்டையும் மறைக்காமல் எழுதி, பழைய நோய்க்கும் அவசரக் காப்பு தரும் பாலிசியைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கி, இதய மருத்துவரிடம் பயணத்துக்குத் தகுதி என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் போகலாம். அப்படி ஒரு பாலிசி கிடைக்கவில்லை என்றால், பிரசவத்துக்கு அம்மா மட்டும் போய்வரலாம். இல்லையென்றால், குழந்தை பிறந்து சில மாதம் கழித்து மகளையே ஊருக்கு வரச் சொல்லலாம்.

எது சரி என்பது அந்த வீடு எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் இரண்டு கார்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த 9 மா நிலம், ஒரு வார மருத்துவமனை பில்லுக்கு அடமானம் போகக் கூடாது. டிக்கெட் போடும் முன் பாலிசியை எடுத்து, முதலில் 'இந்தியா' என்ற சொல்லையும், அடுத்து 'முன்னரே உள்ள நோய்' என்ற சொல்லையும் தேடுங்கள். அரை மணி நேர வேலைதான்.